பழைய ஜிப்சியின் கதவுகள்: துருவை நிறுத்தி, இரைச்சலையும் வெப்பத்தையும் குறைக்க முழுமையான வழிகாட்டி

மழை விட்ட மறுநாள் காலை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். கதவுக்குள் தண்ணீர் சளக்கென்று ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓடியது. குனிந்து கதவின் அடி ஓரத்தைத் தடவினால், தகடு மடியும் இடத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை நகத்தால் அழுத்தினேன். உள்ளே தகடு இல்லை. ஈரமான செம்பழுப்புத் தூள்தான் விரலில் ஒட்டியது.

என்னுடையது 1998-ஆம் ஆண்டு மாடல் மாருதி ஜிப்சி கிங். தூத்துக்குடியின் உப்பளக் காற்றிலேயே காலம் கழித்த வண்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பட்டறையில் துருத் தடுப்பு என்று சொல்லி அடிப்பாகம் முழுவதும் கறுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பூச்சு கதவுகளின் அடி ஓரத்திலும் ஏறி, தண்ணீர் வடிய வேண்டிய துளைகளை ஒன்று விடாமல் அடைத்திருந்தது. துருவைத் தடுக்கக் கொடுத்த பணமே கதவைத் தின்றுவிட்டது. அந்தக் கோபத்தில்தான் இரண்டு கதவுகளையும் நானே பிரித்து, இரண்டு வாரம் செலவழித்துச் சரிசெய்தேன். அந்த வேலையை வரிசை மாறாமல் இங்கே எழுதுகிறேன்.

கதவுக்குள் தண்ணீர் வரும் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்

இது மனதில் பதியாமல் வேலையைத் தொடங்கினால் பாதி உழைப்பு வீண். மழை பெய்யும்போது கண்ணாடியில் வழியும் தண்ணீரில் பெரும்பங்கை வெளிப்பக்க ரப்பர் பீடிங் தள்ளிவிடும். மிச்சம் கண்ணாடியோடு சேர்ந்து கதவுக்குள் இறங்கும். புது வண்டியிலும் இறங்கும். அதனால்தான் கதவைச் செய்தவர்கள் அடி ஓரத்தில் வடிதுளைகளை வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்த நீர் வழிந்து வெளியேறி, மீதி ஈரம் காற்றில் காய்ந்துவிட்டால் கதவுக்கு ஆபத்து இல்லை.

ஆபத்து, நீர் தங்கும்போது வருகிறது. கதவின் வெளித்தகட்டின் ஓரத்தை உள்சட்டத்தின் மேல் மடித்து அழுத்தியிருப்பார்கள். வேட்டியின் ஓரத்தை மடித்துத் தைப்பது போன்ற மடிப்பு அது. அந்த மடிப்புக்குள் தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் ஈரம் தானாக ஏறிக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் அந்த ஈரத்தில் உப்பும் கரைந்திருக்கும். இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு பிறக்கும். உப்பு அந்த வேகத்தைக் கூட்டும். பிறந்த துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் மடிப்பு உள்ளிருந்தே பிளக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும்.

இரைச்சல் தடுக்கவும் வெப்பம் தடுக்கவும் நாம் ஒட்டும் எதுவும் இந்த வடிகாலுக்குக் குறுக்கே வரக்கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நான் இதைத்தான் காவல் காக்கிறேன்.

ஏன் ஜிப்சி கற்றுக்கொள்ள ஏற்ற வண்டி

சுசூகி எஸ்ஜே410-இன் நீள வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு மாருதி 1985-இல் ஜிப்சியைக் கொண்டுவந்தது. 970 சிசி எஞ்சினோடு வந்த வண்டிக்கு 1996-இல் 1298 சிசி எஞ்சின் கிடைத்து, ஜிப்சி கிங் ஆனது. ராணுவம், காவல்துறை, வனத்துறை என்று உழைத்து ஓய்ந்த வண்டிகள் பல இன்று தனியார் கைகளில் இருக்கின்றன. பக்கக் கதவுகள் இரண்டே. கண்ணாடியைக் கையால் சுற்றி ஏற்றுகிறோம். கீல்கள் வெளியே தெரியும்படி போல்ட்டில் இருக்கின்றன. கதவுக்குள் சிக்கலான மின்வேலை கிடையாது. முதல் முறையாகக் கதவைப் பிரிப்பவருக்கு இதைவிட எளிய வண்டி அமையாது.

பொலேரோ, சுமோ, பழைய மஹிந்திரா ஜீப்புகள் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுவே. லேண்ட் ரோவர் டிஃபென்டரின் பழைய கதவுகளில் மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அங்கே வெளித்தகடு அலுமினியம், உள்சட்டம் எஃகு. இரு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெண்தூளாக அரித்துப்போகும். ஆகவே இரண்டுக்கும் நடுவே பிரைமரோ சீலன்ட்டோ இல்லாமல் விடக்கூடாது.

காலம், பொருட்கள்

தை முதல் பங்குனி வரை இந்த வேலைக்கு நல்ல பருவம். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். கதவின் உட்புறம் காயவே காயாது. ஒரு கதவுக்கு முழுதாக நான்கைந்து நாள் ஒதுக்குங்கள். கைவேலை இரண்டு நாள்தான். மீதி காய்வதற்கு.

நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், 8, 10, 12 ஸ்பேனர்கள், கம்பி பிரஷ், 80, 180, 320 எண் உப்புத்தாள், பாஸ்பாரிக் அமிலத் துரு மாற்றி, இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர், மேல்பெயின்ட், தகடு இணைப்புக்கான பாலியூரித்தேன் சீலன்ட், 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் (ஒருபுறம் ஒட்டும் ரப்பர் தாள்), 6 மி.மீ. மூடிய துளை ஃபோம் (நீரை உறிஞ்சாத வகை), நீண்ட குழாயோடு வரும் உட்குழி மெழுகு ஸ்பிரே, தடித்த பாலித்தீன் ஷீட், பியூட்டைல் கயிறு. ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கரிம ஆவிக்கான வடிகட்டி வைத்த முகமூடியும் கட்டாயம். துணி முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது.

முதலில் சோதனை

பிரிப்பதற்கு முன்பே கதவின் நிலைமையை அறிந்துகொள்ளலாம். சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ் ஒரு சாண் உயரத்தை அங்குலம் அங்குலமாகத் தடவுங்கள். காந்தம் பிடி விடும் இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். மட்கிய தகடு சொத்தென்று கேட்கும். வெளித்தகடு ஏறக்குறைய 0.8 மி.மீ. கனம்தான். அதில் பாதியைத் துரு தின்றிருந்தாலே விரல் அழுத்தத்துக்கு வளையும்.

பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக மெதுவாக ஊற்றிக் கீழே பாருங்கள். சில நொடிகளில் எல்லாத் துளைகளிலும் சொட்ட வேண்டும். சொட்டாத துளையைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரித்தல்

கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றிவிடுங்கள். ஸ்பீக்கரோ சென்ட்ரல் லாக்கோ பின்னால் பொருத்தியிருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் கண்ணாடி சுற்றும் கைப்பிடி. அதில் ஸ்க்ரூ தெரியாது. கைப்பிடிக்கும் பின்னால் உள்ள வட்டத் தட்டுக்கும் நடுவே குதிரை லாடம் போன்ற ஒரு சிறு கம்பி கிளிப் ஒளிந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் டோர் பேட் (கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டை) கிழியும். ஒரு பழைய பருத்தித் துணியை அந்த இடுக்கில் செருகி, இரு முனைகளையும் பிடித்து, காலணிக்குப் பாலிஷ் போடுவதுபோல இடமும் வலமும் இழுங்கள். துணியின் நூல் கிளிப்பின் முனையில் மாட்டி அதை வெளியே தள்ளும். டிக்கென்று ஒரு சத்தம், கிளிப் பறந்துவிடும். அது எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இழுங்கள். இன்னொரு கையால் மறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கழற்றுவதற்கு முன், கைப்பிடி எந்தத் திசையில் நிற்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்துக் கைப்பிடிப் பட்டை, உள்தாழ்ப்பாளின் சட்டம் ஆகியவற்றின் ஸ்க்ரூக்கள். பிறகு டோர் பேட்டின் ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் கிளிப்களைக் கீழிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நெம்புங்கள். கிளிப்பின் கழுத்துக்கு மிக அருகில் நெம்பினால்தான் அட்டை கிழியாது. பழைய கிளிப்கள் சில உடையத்தான் செய்யும். ஒரு டஜன் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

பேட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அல்லது அதன் கிழிந்த மிச்சம் இருக்கும். என் வண்டியில் அதுகூட இல்லை. முன்பு யாரோ கதவைப் பிரித்தவர் தூக்கி எறிந்துவிட்டார். டோர் பேட்டின் கீழ்ப்பாதி அட்டை ஊறி உப்பிப்போனதற்கு அதுவே காரணம். தாள் முழுதாகக் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். புதிய தாளை வெட்ட அதுதான் அச்சு.

கண்ணாடியையும் அதை ஏற்றி இறக்கும் மெஷினையும் கழற்றலாமா வேண்டாமா? வெறும் மேல்துரு என்றால் இடத்திலேயே விட்டுவிடலாம். கிரைண்டர் போடப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் கழற்றுங்கள். கிரைண்டரின் தீப்பொறி கண்ணாடியில் பட்டால் சிறு சிறு புள்ளிகளாக உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு எதைப் போட்டாலும் போகாது. கதவையே கீலிலிருந்து கழற்றுவது வெல்டிங் தேவைப்பட்டால் மட்டும் போதும். அப்போது கீலைச் சுற்றி ஊசியால் கோடு கீறி வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் உட்காரும்.

கழுவுதல்: அலட்சியம் செய்யக்கூடாத படி

முதலில் அடைந்த துளைகளைத் திறக்க வேண்டும். மழுங்கிய கம்பியால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் குத்துங்கள். டிரில் போட்டுப் பெரிதாக்க வேண்டாம். வெறும் தகட்டை வெட்டித் திறப்பது துருவுக்குப் புது வாசல். என் கதவில் கறுப்புப் பூச்சைச் சுரண்டியதும் ஒரு துளையிலிருந்து தேநீர் நிறத்தில் நீர் பீறிட்டது. பின்னாலேயே சேறு, காய்ந்த வேப்பிலை, கண்ணாடித் துண்டு எல்லாம் வந்தன.

பிறகு நல்ல தண்ணீரால் கதவின் உட்புறத்தைக் கழுவுங்கள். ஆழ்துளைக் கிணற்று உவர்நீர் வேண்டாம். மடிப்பின் ஓரமாக நீரை மெதுவாக ஓடவிட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி ஓடவிடுங்கள். மூன்று முறையாவது செய்யுங்கள். உப்பைக் கழுவி எடுக்காமல் மேலே எவ்வளவு விலையுயர்ந்த பிரைமர் அடித்தாலும், அந்த உப்பு அடியில் இருந்துகொண்டு ஈரத்தை இழுத்துப் பூச்சைத் தூக்கிவிடும். கடற்கரை ஊர்களில் பெயின்ட் அடித்த ஆறே மாதத்தில் அதே இடத்தில் கொப்புளம் வருவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

கழுவியபின் காய வேண்டும். வெயிலில் ஒரு முழுநாள் நிறுத்துங்கள். மடிப்பு உள்ளே காய்ந்ததை உறுதிசெய்ய ஹேர் டிரையரால் வெளியிலிருந்து சூடுகாட்டுங்கள். சூடேறும்போது ஓரத்தில் ஈரக்கோடு கசிந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

துருவை அகற்றுதல்

கம்பி பிரஷால் உதிர்வதையெல்லாம் உதிர்த்துவிட்டு, 80 எண் உப்புத்தாளால் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேயுங்கள். கை எட்டும் இடமெல்லாம் இப்படி. துருவைச் சுற்றி இரண்டு விரல் அகலம் நல்ல பெயின்ட்டையும் 180-ஆல் சொரசொரப்பாக்குங்கள். துரு பெயின்ட்டுக்கு அடியில் ஓடியிருக்கும்.

குழிகளில் கறுப்பாக எஞ்சும் துருவுக்குத்தான் பாஸ்பாரிக் அமிலம். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றி, சாம்பல் நிறப் படலமாக்கும். தடித்த துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் துரு உயிரோடு இருக்கும். அதனால் தேய்க்காமல் தடவுவது ஏமாற்று வேலை. டப்பாவில் சொன்ன நேரத்துக்குப் பிறகு, சொன்னபடி கழுவித் துடைத்துக் காயவையுங்கள். எபாக்சி பிரைமருக்கு அமில மிச்சம் ஆகாது. சரியாக இறுகாமல் உரிந்துவிடும். மடிப்புக்குள் அமிலத்தை ஊற்றவே வேண்டாம். அங்கிருந்து அதைக் கழுவி எடுக்க முடியாது. மடிப்பின் பாதுகாப்பு மெழுகின் பொறுப்பு.

தேய்த்தபின் ஊசி முனை ஓட்டைகள் இரண்டு மூன்று தெரிந்தால், அந்தத் தகடு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டி போட்டு மூடுவது ஒரு மழைக்குத் தாங்கும். நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டில் துண்டு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். இதற்கு டிங்கர் பட்டறைக்குப் போவதே சரி. போனால் மிக் வெல்டிங் உள்ள பட்டறைக்குப் போங்கள். கேஸ் வெல்டிங்கின் பரந்த சூடு இந்த மெல்லிய தகட்டை அலை அலையாக நெளிக்கும். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கூடவே நின்று, வடிதுளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெல்டிங்கின் பின்பக்கம் பெயின்ட் எரிந்து வெறும் இரும்பாக நிற்கும். வெளியே அழகாகப் பெயின்ட் அடித்து, உள்ளே எரிந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவதால்தான் புதுத்தகடு பழையதைவிட முன்னதாக மட்கிப்போகிறது.

பிரைமர், சீலன்ட், பெயின்ட்

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஜன்னல் கிராதிக்குச் சரி. மேலே பெயின்ட் இல்லாமல் ஈரத்தை அதனால் நெடுநாள் தடுக்க முடியாது. கதவின் உட்புறத்துக்கு எபாக்சிதான் என் தேர்வு. வெறும் இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும், நீரை அவ்வளவு எளிதில் உள்ளே விடாது. இரண்டு டப்பாவையும் குறித்த விகிதத்தில் கலந்து, சொன்ன நேரம் ஊறவிட்டு, மெல்லிய இரண்டு கோட் அடியுங்கள். ஸ்பிரே கன் இல்லாவிட்டால் பிரஷே போதும். உட்புறத்தை யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனால் ஒரு அங்குலமும் விடுபடக்கூடாது. முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் கைபேசி விளக்கும் வைத்துப் பார்த்துக்கொண்டே பூசுங்கள்.

பிரைமர் காய்ந்ததும், வெளியே தெரியும் மடிப்பு ஓரத்தில் பாலியூரித்தேன் சீலன்ட்டை மெல்லிய கோடாக இட்டு, ஈரவிரலால் தடவிவிடுங்கள். வடிதுளை வரும் இடத்தில் கோட்டை நிறுத்தி, தாண்டி, மறுபடி தொடங்குங்கள். நான் துளைகளில் தீக்குச்சி செருகி வைத்துக்கொண்டு செய்தேன். உட்புற மடிப்பில் சீலன்ட் வேண்டாம். அங்கே மெழுகு ஊடுருவ வேண்டும்; சீலன்ட் அதன் வழியை மறித்துவிடும். பிறகு மேல்பெயின்ட். எபாக்சி வெயில் பட்டால் தூள் பூக்கும் என்பதால் வெளிப்பக்கம் பெயின்ட் இல்லாமல் நிறுத்திவைக்காதீர்கள்.

இரைச்சலுக்குப் பியூட்டைல்

இனி இன்சுலேஷன். இங்கே இரண்டு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன, பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தகடு அதிர்ந்து பறைபோல ஒலிப்பதை அடக்குவது ஒன்று. காற்றில் வரும் இரைச்சலையும் வெப்பத்தையும் மறிப்பது இன்னொன்று. முதல் வேலைக்குக் கனமான பியூட்டைல் ஷீட். இரண்டாவதுக்கு ஃபோம்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தார் ஷீட்டை வாங்காதீர்கள். நம் வெயிலில் நிறுத்திய வண்டியின் தகடு 60 டிகிரியைத் தாண்டும். தார் இளகி வழிந்து, அடியில் போய் வடிதுளையில் உறையும். பியூட்டைல் ரப்பர் அந்தச் சூட்டிலும் நிற்கும்.

கதவு முழுவதையும் மூட வேண்டிய அவசியமும் இல்லை. வெளித்தகட்டின் நடுப்பரப்பில், அதிர்வு அதிகமாக உள்ள இடத்தில், மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே பெரும்பயன் கிடைத்துவிடும். 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் எடை. உள்ளும் வெளியும் முழுக்க ஒட்டினால் ஒரு கதவில் நான்கு கிலோ ஏறும். இருபத்தைந்து ஆண்டு தேய்ந்த கீல் பின் அதைச் சுமந்து தொங்கத் தொடங்கும், பிறகு கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கும்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும். தாளை உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு வெட்டி, கதவின் துவாரங்கள் வழியே உள்ளே கொண்டுபோய் வைத்து, சிறு உருளையால் அழுத்துங்கள். அலுமினிய மேற்பரப்பில் அச்சிட்ட புடைப்புகள் தட்டையாகும்வரை அழுத்த வேண்டும். காற்றுக் குமிழ் இருந்தால் ஊசியால் குத்தி வெளியேற்றுங்கள். தாளுக்கும் தகட்டுக்கும் நடுவே சிறு பையாக இடம் விட்டால் அங்கே நீர் தங்கும். அடி ஓரத்திலிருந்து நான்கு விரல் உயரம்வரை எதையும் ஒட்டாதீர்கள். அது நீரின் இடம்.

ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் கதவை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். டங்கென்று நீண்ட ஒலி, டொக்கென்று ஒரே அடியில் அடங்கியிருக்கும். ஜிப்சியின் கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டுப் பழகிய வீட்டார், அன்று மாலை நான் சாத்தியபோது வேறு வண்டி வந்ததாக நினைத்து வாசலுக்கு வந்தார்கள்.

வெப்பத்துக்கு ஃபோம், உண்மையான எதிர்பார்ப்போடு

ஹார்ட் டாப் (கெட்டிக் கூரை) ஜிப்சியில் வெப்பம் பெரும்பாலும் கூரை வழியாகவும் கண்ணாடி வழியாகவும் வருகிறது. கதவில் ஃபோம் போட்டதும் வண்டி குளிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழங்கையும் தொடையும் உரசும் இடத்தில் சூடு தெரியாது, ஏசி பொருத்திய வண்டியில் அதன் சுமை சிறிது குறையும், சாலை இரைச்சல் மட்டுப்படும். இவை நல்ல பயன்கள்தாம். வெப்பம் மட்டுமே உங்கள் கவலை என்றால், முதல் ரூபாயைக் கூரைக்குச் செலவிடுங்கள்.

ஃபோம் மூடிய துளை வகையாக இருக்கவேண்டும். நைட்ரைல் ரப்பர் ஃபோமோ குறுக்கிணைத்த பாலித்தீன் ஃபோமோ எடுக்கலாம். ஒரு துண்டை வெட்டிக் குவளை நீரில் ஒரு இரவு அமுக்கி வைத்து, காலையில் பிழிந்து பாருங்கள். நீர் வந்தால் அது கதவுக்கு ஆகாது. மெத்தை ஸ்பான்ஞ், சணல் ஃபெல்ட், தெர்மோகோல் எதையும் கதவுக்குள் வைக்காதீர்கள். முதல் இரண்டும் ஈரத்தை மாதக்கணக்கில் தகட்டோடு சேர்த்து அணைத்து வைத்திருக்கும். தெர்மோகோல் உதிர்ந்து துளையை அடைக்கும்.

ஃபோமை இடவேண்டிய இடம் உள்சட்டத்தின் மேல், அதாவது டோர் பேட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில். வெளித்தகட்டில் ஒட்டுவதானால் பியூட்டைல் ஒட்டிய பரப்பின் மேல் மட்டும், முழுப் பசையோடு ஒட்டுங்கள். கண்ணாடி இறங்கும் பாதையில் உரசாமல் இருக்கிறதா என்று கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். வெள்ளி நிறத் தாள் ஒட்டிய ஃபோம் பற்றி ஒரு வார்த்தை: அந்தப் பளபளப்பு வெப்பத்தைத் திருப்பியனுப்ப அதன் முன்னால் காற்று இடைவெளி வேண்டும். இரண்டு தாள்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தால் பளபளப்பால் பயனில்லை. அதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

மெழுகு: கடைசியில், ஆனால் தாராளமாக

வரிசை முக்கியம். மெழுகு பட்ட இடத்தில் பியூட்டைலும் பசையும் ஒட்டாது. அதனால் கதவுக்குள் ஒட்டும் வேலையெல்லாம் முடிந்த பிறகே மெழுகு.

உட்குழி மெழுகு டப்பாவோடு, முனையில் நாலாபுறமும் சிதறும் துளைகள் கொண்ட நீண்ட குழாய் வரும். கதவை வெயிலில் அரை மணி நேரம் சூடாக்குங்கள். டப்பாவையும் வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுங்கள். கண்ணாடியை மேலே ஏற்றி, பிரேக், இருக்கை, கண்ணாடிச் சேனலின் ரப்பர் எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளால் மறையுங்கள். குழாயைக் கதவின் அடிமூலைவரை செலுத்தி, அழுத்திக்கொண்டே மெதுவாகப் பின்னால் இழுங்கள். அடிமடிப்பு, இரு பக்க மடிப்புகள், கீல் வரும் இடத்தின் உட்புறம், பூட்டுக்குக் கீழே உள்ள மூலை, வெல்டிங் வைத்த இடத்தின் பின்பக்கம். இரண்டு கதவுக்கு 500 மி.லி. டப்பா ஒன்று எனக்குப் போதுமாக இருந்தது.

சில நிமிடங்களில் மடிப்பின் வெளி ஓரத்தில் பொன்னிற வியர்வைபோல மெழுகு கசிந்து வரும். அதைப் பார்க்கும் நிறைவுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். ஈரம் ஏறிய அதே இடுக்கில் இப்போது மெழுகு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு இரவு சொட்டவிட்டு, மறுநாள் கம்பியால் ஒவ்வொரு துளையையும் மீண்டும் குத்தித் திறந்துவிடுங்கள்.

பழைய எஞ்சின் ஆயிலை அடித்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. ஓடிய ஆயிலில் எரிபொருள் எரிந்த அமிலக் கழிவு இருக்கும். ரப்பர் பீடிங்கை ஊதச்செய்யும், வடிந்து சட்டையில் கறையாகும். வேண்டாம்.

பாலித்தீன் தாள், ஓடு வேயும் முறை

கதவின் உள்பக்கத் துவாரங்களை மூடும் இந்தத் தாள்தான் டோர் பேட்டையும் உங்கள் காலையும் காக்கிறது. 150 முதல் 200 மைக்ரான் பாலித்தீனைப் பழைய தாளின் அளவுக்கு வெட்டி, மூன்று பக்கமும் பியூட்டைல் கயிறு வைத்து ஒட்டுங்கள். அடிப்பக்கத்தை மட்டும் ஒட்டக்கூடாது. தாளின் கீழ் ஓரத்தைச் சட்டத்தின் கீழ்த்துவாரத்துக்குள் செருகிவிட வேண்டும். ஓட்டு வீட்டில் மேலோடு கீழோட்டின் மேல் படிந்து நீரை வெளியே தள்ளுவதுபோல, தாளில் வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழுந்து வடிதுளைக்குப் போகும். செருகாமல் வெளியே விட்டால் அத்தனை நீரும் டோர் பேட்டுக்கும் தரை விரிப்புக்கும் வரும். தரைத் தகடு மட்கிய பல ஜிப்சிகளில் குற்றம் தரையில் இல்லை, கதவின் இந்தத் தாளில் இருந்தது.

டோர் பேட்டின் அட்டை ஊறிப்போயிருந்தால் அதை அச்சாக வைத்து 3 மி.மீ. பிவிசி ஷீட்டில் புதிதாக வெட்டிவிடுங்கள். மரத் தூள் அட்டை மறுபடி ஊறும். கிளிப்களை அழுத்தி, கைப்பிடிக்குள் கம்பி கிளிப்பை முன்பே செருகிவைத்து, படத்தில் பார்த்த அதே திசையில் தண்டின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் உட்கார்ந்துவிடும். வெளிப்பக்க ரப்பர் பீடிங் வெடித்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். கதவுக்குள் வரும் நீரில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும்.

ஹார்ட் டாப்பின் பின்கதவுக்கும் இதே வரிசைதான். ஸ்டெப்னியின் எடை அந்தக் கதவின் சட்டத்தை ஓயாமல் உலுக்குவதால், ஸ்டெப்னி தாங்கியின் போல்ட்டுகளைச் சுற்றித் தகடு விரிசல் விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விரிசல் வழியே இறங்கும் நீருக்கு எந்த மெழுகும் தாக்குப்பிடிக்காது.

வருடத்துக்கு ஒரு காலைப்பொழுது

புரட்டாசி முடிவதற்குள் இரண்டு வேலைகள். மென்மையான கம்பியால் எல்லா வடிதுளைகளையும் குத்திவிடுங்கள். கண்ணாடி ஓரத்தில் ஒரு குவளை நீர் ஊற்றிச் சொட்டுகிறதா என்று பாருங்கள். கடலோர ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, உள்மாவட்டங்களில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, டோர் பேட்டைக் கழற்றி அடிமடிப்புக்கு மட்டும் மெழுகை மீண்டும் அடியுங்கள். இந்த முறை அடிமடிப்பு மட்டும் என்பதால் அரை டப்பா போதும். வண்டியை எந்தப் பட்டறையில் அடிப்பூச்சுக்கு விட்டாலும், விடுவதற்கு முன் வடிதுளைகள் அனைத்தின் மேலும் நீங்களே சிறு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டிக் கொடுங்கள். எத்தனை துண்டு ஒட்டினீர்கள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, வண்டியை எடுக்கும்போது அத்தனையையும் உங்கள் கையாலேயே உரித்துவிட்டு வாருங்கள்.